கனெக்டர் வாங்கினால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு பீனியாவில் நம்மவர்கள் நடத்தும் சிறு தொழிற்கூடங்களில் இப்போது கனெக்டர், அதாவது ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைத் தானாகக் கடத்தும் இணைப்பு மென்பொருள், விற்பனை மும்முரமாக நடக்கிறது. அவற்றின் உரிம விதிகள் பற்றி யாரும் விளக்கிச் சொல்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் நான் பார்த்த ஒரு கொட்டேஷனில், ஆர்டர் எடுக்கும் செயலியை அலுவலக மென்பொருளோடு இணைக்கும் கனெக்டருக்கு 'அன்லிமிடெட் யூசர்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வாக்குறுதி கனெக்டரோடு முடிந்துவிடுகிறது. தரவு போய்ச் சேரும் அலுவலக மென்பொருளின் (இதையே மூல மென்பொருள் என்கிறேன்) உரிமத்தை அது தளர்த்துவதில்லை. ஊழியர்கள் பத்துப் பேர் கைப்பேசியில் பதியும் ஆர்டர்கள் ஒரே யூசர் ஐடி வழியாக உள்ளே போனாலும், தன் மென்பொருள்களைப் பொறுத்தவரை மைக்ரோசாஃப்ட் அதை மல்டிபிளெக்ஸிங் (பலரின் பயன்பாட்டை ஒரே வழியில் குவிப்பது) என்று வகைப்படுத்தி, பத்துப் பேருக்கும் உரிமம் தேவை என்கிறது. உரிமம் உள்ள ஒருவர் அறிக்கையை எக்செல் கோப்பாக எடுத்து, தாமே மற்றவருக்கு அனுப்பினால் இது பொருந்தாது. தானாக ஓடும் இணைப்புக்குத்தான் இந்தக் கணக்கு.

இது ஏட்டோடு நின்றுவிடும் விதி அன்று. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் தளத்தில் உருவாக்கிய செயலி வழியாக வாடிக்கையாளர்கள் ஆர்டர் போட்டது உள்ளிட்ட பயன்பாடுகளுக்காக, மதுபான நிறுவனமான டியாஜியோவிடம், வணிக மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி 5.4 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டது. அவ்வாறு ஆர்டர் போட்டவர்களுக்கும் உரிமம் தேவை என்று 2017 பிப்ரவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், ஒப்பந்தத்தில் நாம் போடும் கையெழுத்து நம்மைக் கட்டுப்படுத்தும். அடுத்த ஆண்டே எஸ்ஏபி, ஆட்களை எண்ணாமல், மென்பொருளில் உருவாகும் ஆர்டர், பில் போன்ற ஆவணங்களை எண்ணிக் கட்டணம் வாங்கும் முறையையும் கொண்டுவந்தது. வியாபாரம் வளர வளர அதிலும் செலவு ஏறவே செய்யும்.

விதிகள் நடுவழியில் மாறுவதும் உண்டு. வேலைகளைத் தானாக நடத்தித் தரும், இன்று பவர் ஆட்டோமேட் எனப்படும் மைக்ரோசாஃப்ட் சேவையில், ஆபீஸ் 365 சந்தாவோடு சேர்ந்து கிடைத்த எஸ்க்யூஎல் சர்வர் (தரவுத்தள மென்பொருள்) கனெக்டர், 2019 அக்டோபரில் தனிக்கட்டணம் கேட்கும் பிரீமியம் வகைக்கு மாறியது.

விற்பவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை; பலருக்கு மூல மென்பொருளின் ஒப்பந்தமே தெரியாது. ஆகவே வாங்குபவர்கள், அம்மென்பொருள் நிறுவனத்துக்கே தங்கள் பயன்பாட்டை விவரித்து மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது. மூல மென்பொருளில் எந்த உரிமம், எத்தனை பேருக்கு வேண்டும் என்பதையும், பின்னர் கூடுதல் கட்டணம் வந்தால் அதை யார் ஏற்பது என்பதையும் கொட்டேஷனிலேயே குறிப்பிட வேண்டும் என்று இங்குள்ள தொழில் சங்கங்கள் வற்புறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணக்கு மென்பொருள் ஆலோசகர் ஒருவர்,
ஜாலஹள்ளி, பெங்களூரு.