ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி

அன்பு நண்பா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. நான் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு இது பத்தாம் வகுப்பு. அவள் படிக்கிற மேசையின் மறுபாதியில்தான் என் கார் வேலை நடக்கிறது.

உன் பக்கத்து வீட்டுப் பெரியவரின் 1963 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரைச் சின்ன மாடலாகச் செய்து தரச் சொன்னாய் அல்லவா? கைக்குக் கிடைத்தது 1966 மாடலின் கிட், நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் துண்டுகள். மூன்று வருஷ வித்தியாசம்தானே என்றுதான் ஆரம்பித்தேன். நிஜக் காரின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், 2400 மி.மீ.; இருபத்துநான்கால் வகுத்தால் கச்சிதமாக 100. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், சரியாக நின்றது. ஆனால் நீ அனுப்பிய படத்தைப் பக்கத்தில் வைத்ததும் ஏதோ உறுத்தியது. சாயல் இருக்கிறது, ஆள் வேறு.

கண்ணாடிதான் காரணம். 1965 மாடலிலிருந்து ஃபோக்ஸ்வாகன் எல்லாக் கண்ணாடிகளையும் பெரிதாக்கிவிட்டது. பரப்பளவில் முன்கண்ணாடி 11 சதவீதம், கதவு 6, பின்பக்கவாட்டில் 17.5, பின்கண்ணாடி 19.5. நம் அளவுக்குக் கொண்டுவந்தால் முன்கண்ணாடியின் உயரத்தில் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான். அந்தக் கொஞ்சம் குறைந்திருப்பதால்தான் பழைய பீட்டிலின் கூரை கனத்துத் தெரிகிறது, தூண்கள் தடிக்கின்றன.

பிளாஸ்டிக் பட்டையை நறுக்கி ஒவ்வொரு ஜன்னலின் உள்விளிம்பிலும் ஒட்டினேன். மூலைகள்தான் உயிரை எடுத்தன. நேர்ப்பட்டை அங்கே வளையாது. கிட்டின் பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்திச் சூட்டில் இழுத்து, அந்த இழையை வளைத்து வைத்து, ஒட்டு இறுகிய பிறகு உருண்டை அரத்தால் தேய்த்தேன். முதல் தடவை இடைவெளி நிரப்பும் புட்டிப் பசையை ஒரே பூச்சாக அப்பிவிட்டேன். இரண்டு நாளில் அது சுருங்கி, ஒட்டின இடமெல்லாம் கோடு விழுந்தது. சுரண்டிவிட்டு, மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசினேன். ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்துப் பார்த்தபோது கோடு இல்லை. ராத்திரி பதினொன்றரை மணி. எழுப்பிக் காட்ட ஆளில்லை, உன்னை நினைத்துக்கொண்டேன்.

ஒரு நல்ல விஷயம்: அந்தக் காலத்து முன்கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடி. கிட்டில் வந்த வளைந்த துண்டைத் தூக்கி வைத்துவிட்டு, மெல்லிய ஒளிபுகும் ஷீட்டிலேயே வெட்டிக்கொண்டேன். கதவின் முக்கோணக் கண்ணாடியை ஒட்டிய கம்பியையும் நிமிர்த்தினேன். புதியதில் அது லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும்.

மற்றவை சின்ன வேலைகள். பின்மூடியில் இருந்த '1300' எழுத்தைத் தேய்த்து எடுத்தாயிற்று. சக்கரத் தட்டில் காற்றுத் துளைகள் 1966-ல் வந்தவை, அவற்றை அடைத்தேன். சக்கரத்தின் நடுவை மூடும் தட்டையான வீல் கப்புக்குப் பதில் குமிழ் மாதிரி உப்பின கப் வேண்டும். அதை இன்னும் செய்யவில்லை.

பின்கண்ணாடியில்தான் எனக்குத் திருப்தி வரவில்லை. பெரியவரிடம் கேட்டு, ரப்பர் விளிம்புக்குள் அதன் அகலம், உயரம் இரண்டையும் டேப் வைத்து அளந்து எழுது. படம் எடுக்கும்போது கிட்டே போகாதே, உருவம் உப்பிவிடும். பத்தடி தள்ளி நின்று, ஜூம் செய்து, நேர் பின்னாலிருந்து எடு. அது வரும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்