பாப்பாவுக்கு, ஹேக்லர் விஷயமாக

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "எண்பதுகளில் குத்துச்சண்டையில் பெரிய ஆள் சுகர் ரே லெனர்டுதாம்ப்பா, இதில் பேச என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு, பயிற்சிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

லெனர்டைக் குறைத்துச் சொல்லமாட்டேன். 1980 ஜூனில் ராபர்டோ டுரான் என்ற வீரரிடம் தோற்று, நவம்பரில் அதே டுரானை எட்டாவது ரவுண்டில் போதும் என்று விலகவைத்தவர். 1981-ல் தாமஸ் ஹெர்ன்ஸ் என்ற வீரரிடம் புள்ளியில் பின்தங்கி, ஒரு கண் வீங்கியிருந்த நிலையிலும் 14-வது ரவுண்டில் முடித்தார். நீ சொல்கிற வேகம், கால் எல்லாம் உண்மை.

ஆனால் 1982-ல் அவருக்கு விழித்திரை விலகி ஆபரேஷன் ஆனது. பாவம், அது அவர் குற்றமில்லை. அதற்கப்புறம் 1987 வரைக்கும் ஒரே ஒரு சண்டை. பத்து வருஷத்துக்கு ஒரு ஆளைச் சொல்லும்போது ரிங்குக்குள் யார் இருந்தார் என்று பார்க்க வேண்டாமா? மார்வின் ஹேக்லர் இருந்தார். 1980 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில் ஆலன் மின்டரை மூன்றே ரவுண்டில் முடித்து மிடில்வெயிட் என்ற எடைப்பிரிவின் உலகப் பட்டம் வாங்கினார். ஜெயித்தவர் மேல் கூட்டம் பாட்டில் வீசியது. அந்தப் பட்டத்தை 12 தடவை காப்பாற்றினார்.

1985 ஏப்ரல் 15-ம் தேதி ஹேக்லர் அதே ஹெர்ன்ஸோடு போட்ட சண்டையை நான் பெங்களூரில், பட்டாளத்தில் இருந்தபோது கேசட்டில் பார்த்தேன். முதல் ரவுண்டிலேயே இரண்டு பேரும் ஒதுங்காமல் மோதினார்கள். ஹேக்லருக்கு நெற்றி கிழிந்து ரத்தம் மூக்கில் வழிந்தது. மூன்றாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தி டாக்டரிடம் காட்டினார். தொடரலாம் என்றதும் ஹேக்லர் பாய்ந்து போனார் பாரு, அந்த ரவுண்டு முடிவதற்குள் ஹெர்ன்ஸ் கீழே. மொத்தம் எட்டு நிமிஷம். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஹவில்தார் எழுந்து போய் கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

சரி, 1987 ஏப்ரல் 6-ல் ஹேக்லரை லெனர்டு ஜெயித்த சண்டையை நீ எடுப்பாய் என்று தெரியும். லெனர்டு 12 ரவுண்டு போதும், பெரிய ரிங், கனமான க்ளவுஸ் வேண்டும் என்று முன்னாலேயே கேட்டு வாங்கினார். அதுவும் திறமைதான். வழக்கமாக இடக்கைக்காரர் மாதிரி நின்று ஆடும் ஹேக்லர் ஆரம்ப ரவுண்டுகளில் வலக்கைக்காரர் மாதிரி நின்று அவற்றை விட்டுக்கொடுத்தார். அது அவர் செய்த பெரிய தப்பு, நானே ஒத்துக்கொள்கிறேன். புள்ளி போடும் மூன்று நடுவர்களில் ஒருவர் ஹேக்லருக்கு 115-113 போட்டார், இன்னொருவர் அதையே லெனர்டுக்குப் போட்டார். மூன்றாமவர் லெனர்டுக்கு 118-110. அதாவது 12-ல் ஹேக்லர் ஜெயித்தது இரண்டே ரவுண்டு என்று கணக்கு! இதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்த மாநிலப் போட்டியில் எதிராளி ஜெயித்ததாக நடுவர் அவள் கையைத் தூக்கியபோது நீ நிமிர்ந்து நின்றாய். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அழுதாய். எனக்கு அன்றைக்கு ஹேக்லர் ஞாபகம்தான் வந்தது. அந்த 1987 சண்டையில் தோற்ற பிறகு அவர் திரும்ப ரிங்கில் ஏறவே இல்லை. நீ ஏறினாய். இப்போது பாட்டியாலாவில் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கப் படிக்கிறாய்.

உன்னைச் சின்ன வயசில் அணைப் பக்கம் மணலில் ஓடவிட்டேனே, அது ஹேக்லர் கடற்கரை மணலில் பூட்ஸ் போட்டு ஓடுவார் என்று படித்ததால்தான். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

செந்தூரா மாம்பழ வரத்து ஆரம்பித்துவிட்டது. லீவுக்கு வரும்போது அந்த 1987 சண்டையைச் சத்தம் இல்லாமல் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கொரு தாளில் 12 ரவுண்டுக்கும் புள்ளி போடலாம். முடியும்வரை உன் தாளை நான் பார்க்கமாட்டேன்.

உன் அப்பா