கொப்பியில் கடன் எழுதியவர்களுக்கு

நிலாவெளி,
செப்டம்பர் 2019

எங்கள் விடுதியை இழுத்து மூடவிடாமல் காத்த எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கையின் கிழக்கில் உல்லாசப் பயண சீசன் சித்திரைக்குப் பிறகுதான் தொடங்கும். ஆறு அறைக்கும் பெயின்ட் அடித்து, புது நுளம்பு வலை கட்டி முடித்த கிழமையில் ஏப்ரல் 21 வந்தது, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு. கொழும்பில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஹோட்டல்கள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த வீடுகளின் இழப்புக்குப் பக்கத்தில் எங்கள் நட்டத்தைச் சொல்லவே கூசுகிறது.

மூன்று நாளில் ஓகஸ்ட் வரையான முன்பதிவு அத்தனையும் போய்விட்டது. வராதவர்களைக் குறை சொல்ல ஏலாது. அவர்களுடைய அரசாங்கம் போகாதே என்றால் பயணக் காப்புறுதி செல்லாது. அது இல்லாமல் எந்தக் கம்பனியும் ஆட்களை அனுப்பாது. போன வருட மே மாதம் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1 இலட்சத்து 29 ஆயிரம் பேர். இந்த மேயில் 38 ஆயிரம்கூட இல்லை. எங்கள் பதிவேட்டில் அந்த மாதம் ஒரே ஒரு பெயர், அதுவும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்.

பாரை மீனை வைத்துவிட்டு “பிறகு பார்ப்பம்” என்று போன அண்ணை, அரைச் சம்பளத்துக்குச் சம்மதித்த தம்பிமார், எங்கள் அடுப்பில் இடியப்பம் அவித்துச் சந்தியில் விற்று விறகுக் காசையும் தந்த குசினி அக்கா, அடுத்த மார்ச் வரை கடன் தவணையை நிறுத்தும் படிவத்தைப் பக்கத்தில் இருந்து நிரப்பித் தந்த வங்கித் தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. காசைத் திருப்பிக் கேட்காமல் திகதியை மட்டும் மாற்றிய ஜேர்மன் தம்பதிக்கும்.

ஓகஸ்ட் 1 முதல் 48 நாட்டவருக்கு விசாக் கட்டணத்தை அரசு நீக்கியது. நல்லதுதான், ஆனால் அதற்குள் எங்கள் சீசனில் பாதி கரைந்துவிட்டது. பள்ளி விடுமுறைக்கு கண்டியிலும் கொழும்பிலும் இருந்து வான் பிடித்து வந்த குடும்பங்கள்தான் மிச்சத்தைக் காப்பாற்றின. முன்பெல்லாம் வெள்ளைக்காரருக்கே கடற்கரைப் பக்க மேசை போடுவோம். உள்ளூராருக்கு அவ்வளவாக முகம் கொடுத்ததில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக, விரிப்பும் துவாயும் தோய்த்துத் தரும் முஸ்லிம் அண்ணை, எங்கள் நானாவுக்கு. குண்டு வெடித்த கிழமை உங்களைக் கேற்றில் நிறுத்தி மூட்டையை அவிழ்க்கச் சொன்னது நான்தான். ஏழு வருடமாக எங்கள் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று தெரிந்த மனிதர் நீங்கள். ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு துவாயாக உதறிக் காட்டி, திரும்ப நாலாக மடித்து வைத்தீர்கள். அடுத்த கிழமையும் வந்தீர்கள். ஆளில்லாத அறையென்றாலும் உப்புக் காற்றுக்கு விரிப்பு பூஞ்சணம் பிடிக்கும் என்று எடுத்துப்போய்த் தோய்த்துத் தந்தீர்கள், கடனுக்கு. அன்று நாலு பேர் பார்க்க நிறுத்தினேன். அதனால்தான் நாலு பேர் பார்க்க இதை எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கோ.

உங்கள் கொப்பியில் ஜூன் பக்கம் இன்னும் அடைபடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வாங்கோ, காசு எடுத்து வைத்திருக்கிறேன். கேற்றடியில் நிற்க வேண்டாம், நேரே குசினிக்கு வாங்கோ.

இப்படிக்கு,
ஆறு அறை விடுதிக்காரன்