லண்டன் மச்சானுக்கு

கொழும்பு 13
30.01.2021

அன்புள்ள மச்சான்,

உன் மெயில் கிடைத்தது. ஜனவரி 4 இரவு உங்கள் பிரதமர் கொரோனாவால் மறுபடி நாட்டைப் பூட்டியதைச் செய்தியில் பார்த்தோம். அந்தக் குளிரில் பிள்ளைகளை ஃபிளாட்டுக்குள் வைத்து எப்படித்தான் சமாளிக்கிறாயோ. இங்கே குளிர் இல்லை, மற்றதெல்லாம் ஏறக்குறைய அதே கதைதான்.

ஒக்டோபரில் எங்கள் கொட்டாஞ்சேனையை மூடியது உனக்குத் தெரியும். பேலியகொட மீன் சந்தையில் தொற்று என்றதும் எங்கள் வீட்டில் முதல் அடி அம்மாவுக்குத்தான். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சூடைமீன்கூட வாங்காத ஆள். வாரக்கணக்கில் டின் மீனும் நெத்தலிக் கருவாடும் பருப்பும்தான். நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆரச்சி, பயப்படாமல் மீன் சாப்பிடுங்கள் என்று கமராவுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார் அல்லவா? அம்மா டீவியைப் பார்த்து, "ஐயோ, செதில்கூட எடுக்கேல்லையே" என்றா. கொரோனா பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது மீன்காரர் மறுபடி வருகிறார். அம்மா இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு இறங்கிப் போய், பழையபடி செவுளைத் தூக்கிப் பார்க்கிறா.

மூத்தவளுக்கு ஓ.எல். பரீட்சை. ஜனவரியில் நடக்க வேண்டிய சோதனையை மார்ச் 1க்குத் தள்ளிவிட்டார்கள். மற்ற மாகாணங்களில் 11ஆம் திகதியே பள்ளிக்கூடம் தொடங்கியது. மேல் மாகாணத்தில் இந்த வாரம்தான், அதுவும் ஓ.எல். வகுப்புக்கு மட்டும். இளையவனுக்கு இன்னும் சூம்தான். வீட்டில் உருப்படியான போன் ஒன்றுதான், அது என்னுடையது. காலையில் அவனுக்குக் கணிதம், பின்னேரம் அவளுக்கு ரியூசன். நடுவில் என் முதலாளி கூப்பிட்டால் இளையவன் எடுத்து, "அப்பா வகுப்பில" என்று சொல்லி வைத்துவிடுகிறான். டேட்டாவுக்குப் போகும் காசு பள்ளிக்கூட வான் காசைத் தாண்டிவிட்டது. தேயிலைத் தோட்டங்களில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை ஏறுவதாகச் சொல்கிறார்கள். அதை நினைத்தால் நாம் புலம்பக்கூடாதுதான், ஆனாலும் புலம்பல் வருகிறது.

சரி, உனக்கு எழுத நினைத்தது வேறொன்று. மேல் மாடியில் இருக்கும் பாய் வீட்டு உம்மாவுக்கு டிசம்பரில் நல்ல காய்ச்சல். மகன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பயந்தார். நோய்க்குப் பயந்து அல்ல மச்சான். அங்கே பிசிஆர் எடுத்து, பொசிட்டிவ் என்று வந்து, ஏதாவது நடந்துவிட்டால் உடலை எரித்துவிடுவார்களே என்று. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்கிறது. நம் நாட்டுச் சட்டம் மட்டும் கடந்த ஏப்ரலிலிருந்து எரிக்கத்தான் வேண்டும் என்கிறது. பிறந்து இருபது நாளில் இறந்த குழந்தையைக்கூட எரித்தார்கள். அதற்குப் பிறகு பொரளை கனத்தை மயான வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. மூவினத்தவரும் கட்டினார்கள். இரவோடிரவாக யாரோ அவிழ்த்துவிட்டார்கள்.

என் மனிசி கொத்தமல்லி அவித்து மேலே கொடுத்தனுப்பினாள். வாசல்வரை போய் ஃபிளாஸ்கை வைத்துவிட்டு இறங்குவோம், கொஞ்ச நேரத்தில் வெறும் ஃபிளாஸ்க் எங்கள் படியில் இருக்கும். ஒரு கிழமையில் காய்ச்சல் விட்டது. கொரோனாவா, வெறும் காய்ச்சலா, யாரும் சோதிக்கவில்லை. சோதித்திருக்க வேண்டும் என்று சட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒரு தாயின் உடலை எரித்துவிடுவார்கள் என்று பயந்து மருந்தைத் தவிர்க்க வைக்கிற விதி, நோயை மறைக்கத்தான் உதவும்.

இந்தியா தந்த ஐந்து லட்சம் ஊசி நேற்று முன்தினம் வந்திறங்கியது. முதலில் ஆஸ்பத்திரி ஆட்களுக்கு. அம்மாவின் முறை எப்போது வருமோ. உங்கள் அப்பாவுக்குப் போட்டாயிற்றா? பக்க விளைவு ஏதாவது இருந்ததா என்று எழுது, இங்கே அதைக் கேட்டுத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

விமான நிலையம் திறந்துவிட்டார்கள் என்று இப்போதே டிக்கெட் பார்க்காதே. கூப்பிடுவதென்றால் எங்கள் நேரம் இரவு பத்துக்குப் பிறகு கூப்பிடு. அப்போதுதான் போன் என் கைக்கு வரும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்