மூன்றாவது வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள தம்பி,

இரண்டு வீட்டையும் அடமானம் வைத்து மூன்றாவதை வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். இவ்வளவு தூரம் வந்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடு.

வாடகையிலிருந்து தவணையைக் கழித்து, மிச்சத்தை லாபம் என்று போட்டிருக்கிறாய். வாடகை 12 மாதமும் வரும் என்று நம்பாதே. ஒருவர் காலி செய்து அடுத்தவர் குடிவர ஒரு மாதம் ஆனாலே ஆண்டு வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அப்புறம் சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு. எல்லாம் போக நிற்பதை ஆண்டுத் தவணையால் வகுத்துப் பார். வாடகைச் சொத்துக்குக் கடன் தருபவர்கள் பலர் இந்த விகிதம் 1.2, 1.25 என்று இருக்கவேண்டும் என்பார்கள். உனக்கு 1-ஐ ஒட்டி வந்தால், ஒரு குழாய் உடைந்தாலும் செலவு உன் சம்பளத்தில்தான் விழும்.

அதோடு, இது வட்டி விகிதம் மாறக்கூடிய கடன். 20 ஆண்டுக் கடனுக்கு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள். தொடக்கத்திலேயே அது 11 ஆனால் மாதத் தவணை ஏறக்குறைய 15 சதவீதம் கூடும். அந்த வேகத்தில் வாடகையை ஏற்றினால் நல்ல குடித்தனக்காரர் போய்விடுவார். அதே கடனில், வட்டி 9 சதவீதமாகவே இருந்தாலும், முதல் ஆண்டு நீ கட்டும் ஒவ்வொரு 100-லும் சுமார் 17தான் அசலில் கழியும். ஆகவே வீட்டில் உன் பங்கு வளர்ந்துவிட்டது என்று நீ நினைப்பதில் பெரும்பகுதி சந்தை விலை ஏறியதால் வந்தது. விலை இறங்கினால் அதுவும் இறங்கும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறொன்று. மூன்று வீடும் ஒரே கடனுக்கு ஈடாகிவிட்டால், எந்த வீட்டால் தவணை தவறினாலும் கடன் கொடுத்தவர் மூன்றின்மீதும் கை வைக்கலாம். ஒன்றை மட்டும் விற்று மீளலாம் என்றாலும் அவருடைய சம்மதம் வேண்டும். அதனால் மூன்றாவதற்குத் தனிக் கடன் கேள், அந்த வீடு மட்டுமே ஈடாக இருக்கட்டும். முன்பணம் கூடுதலாகக் கேட்பார்கள்; சேர்க்க ஓராண்டு ஆனாலும் பொறுத்துக்கொள். ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தொடாமல் தனியாக வை.

ஒரு மாதம் காலி, வட்டி 11 என்று வைத்து மூன்று வீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு எனக்கு அனுப்பு. 1.25-க்குக் குறையாமல் வந்தால் தாராளமாக வாங்கு. கடன் பத்திரத்தை உன்னோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்