குட்டியானை விற்கும் அண்ணன்மார்களுக்கு

திண்டுக்கல் மாவட்டத்தில் பழைய சரக்கு வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைக்காரர்களுக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் எழுதுகிறேன். 22 வருடமாக டீசல் வண்டி வேலைதான் பார்க்கிறேன். 2005-ல் குட்டியானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் வந்ததிலிருந்து அந்த வண்டியோடுதான் என் பிழைப்பு. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றி வருகிற குட்டியானைகளில் பாதி உங்கள் கடைகளில் கை மாறியவை. அதனால் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

போன மாசி மாதம் ஒரு தம்பி தன் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினான். 2013 மாடல். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், சொந்தமாக ஒரு வண்டி ஓட்ட ஆசைப்பட்டு 1,85,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். 60,000 வீட்டு நகையை வைத்தது, மீதி ஃபைனான்ஸ். வாங்கி 19 நாள்தான் ஆகியிருந்தது. பழனி போகும் வழியில் ஹீட் ஆகி நின்றுவிட்டது என்றான்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். வாய் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தால் சமையல் மஞ்சள்தூள். வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் டிரைவர்கள் மஞ்சள்தூளைக் கொட்டி ஓட்டையை அடைத்து, அடுத்த ஊர் வரை ஓட்டிப் போய்விடுவார்கள். அவசரத்துக்கு அது நல்ல கைவைத்தியம். ஆனால் அதையே போட்டு வண்டியை விற்றால், மஞ்சள் ரேடியேட்டர் குழாய்களில் கட்டியாக இறுகித் தண்ணீர் ஓட்டத்தையே மறித்துவிடும். தண்ணீர் ஓடாவிட்டால் எஞ்சின் கொதிக்கும், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் எரியும், ஹெட் வளையும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் பால் ஊற்றிய டீயைப் போல வெளுத்திருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அந்தப் பையன், "எவ்வளவுண்ணே ஆகும்?" என்று மூன்று தடவை கேட்டான். முதல் இரண்டு தடவை நான் பதில் சொல்லவில்லை.

எஞ்சினைப் பிரித்ததும் மற்றதும் தெரிந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து, ஆயிலையும் சேர்த்து எரித்து ஆயில் குடிக்கிற எஞ்சின் அது. நீலப் புகை தெரியக்கூடாது என்று யாரோ கனமான ஆயிலாக மாற்றி ஊற்றியிருக்கிறார்கள். சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, இரண்டு சிலிண்டருக்கும் புது பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் ஃபேஸிங், கேஸ்கட் செட், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 44,800 ரூபாய். கியர்பாக்ஸை இறக்கியபோது கிளட்ச் பிளேட்டும் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. இறக்கியதோடு அதையும் மாற்றிவிடுவதுதான் லாபம் என்று சொன்னேன். அதற்கு 6,200. கூலியில் என்னால் முடிந்ததைக் குறைத்தேன். அப்படியும் 51,000 ஆனது. வண்டி 12 நாள் என் பட்டறையில் நின்றது. அதற்குள் முதல் தவணை 6,900 கட்ட வேண்டிய தேதி வந்துவிட்டது. வண்டி ஓடினால்தானே கட்டுவான்?

அண்ணன்மார்களே, பழைய வண்டி என்றால் செலவு இருக்கும், அது எனக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். முக்கால் டன் ஏற்றுவதற்குச் செய்த வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுகிற ஊர் இது. ஸ்பிரிங் பட்டை உடையத்தான் செய்யும். முன்சக்கரம் திரும்புகிற கிங் பின் ஆடும், பின்சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் போய் வண்டி எடுக்கும்போது 'டக்' என்று அடிக்கும். இதெல்லாம் சில ஆயிரத்தில் முடிகிற வேலை, சொல்லி விற்றால் யாரும் கோபிக்கப் போவதில்லை. மறைத்து விற்கிற மூன்று விஷயம்தான் குடும்பத்தைச் சாய்க்கிறது: கொதித்த எஞ்சின், ஆயில் குடிக்கிற எஞ்சின், விரிசல் விட்ட சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். கடைசியாகச் சொன்னதை நினைத்தால்தான் எனக்கு அதிக பயம். பின்பட்டை பிராக்கெட் பக்கத்தில் விரிசலை வெல்டிங் அடித்து, மேலே கறுப்புப் பெயின்ட் பூசி அனுப்புகிறார்கள். கொடைக்கானல் மலைப்பாதையில் கேரட் ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டியில் அது எப்போது விடும் என்று யாரால் சொல்ல முடியும்?

"எஃப்சி இருக்கே" என்று தகுதிச் சான்றைக் காட்டி விற்பது இன்னொரு பழக்கம். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்சி எடுத்தாக வேண்டும், உண்மைதான். ஆனால் அன்றைக்கு பிரேக்கும் லைட்டும் புகையும் சரியாக இருந்ததா என்பதற்குத்தான் அந்தக் காகிதம். ரிங் எத்தனை நாள் தாங்கும் என்று அதில் எழுதியிருக்காது. வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள் என்று கேட்கிறேன். வாங்க ஆள் வரும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். உங்கள் கடைகளுக்குப் பார்ட்டியோடு நானும் வந்திருக்கிறேன். நாங்கள் போவதற்கு முன்பே அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக வைத்திருப்பார்கள். சூடான எஞ்சின் பாதி நோயை மறைத்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டை வாங்குகிறவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். எத்தனை சுற்றில் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது என்று அவரே பார்க்கட்டும். ஆயில் மூடியைத் திறந்து ஓடவிட்டால், ரிங் போன எஞ்சின் அந்த வாய் வழியாகக் குப்குப்பென்று புகை தள்ளும். இதைப் பார்க்க மெக்கானிக் கூட வேண்டாம்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிப்படி, பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உங்கள் கையில் இருக்கும் வண்டி எதற்காக வெளியே போனது, யார் ஓட்டினார், எத்தனை கிலோமீட்டர் என்று பதிவேடு வைக்க வேண்டும். நல்ல விதி. அந்தப் பதிவேட்டோடு கூட, நீங்களாகவே இன்னொரு தாள் சேருங்கள்: இந்த வண்டியில் என்ன வேலை செய்தோம், என்ன வேலை பாக்கி. ஒரு கையெழுத்துப் போட்டு வாங்குகிறவரிடம் கொடுங்கள். விலையில் 10,000 குறையலாம். ஆனால் அந்த ஆள் அடுத்த வண்டிக்கும் உங்களைத் தேடித்தான் வருவார், தன் மச்சானையும் அழைத்து வருவார்.

உங்களில் சிலர் இப்போதே நேர்மையாகத்தான் விற்கிறீர்கள். "கிளட்ச் வேலை இருக்கு தம்பி, மெக்கானிக்கிட்ட காட்டிட்டு எடு" என்று ஆளையே என்னிடம் அனுப்பி வைத்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அவர் அனுப்பிய வண்டி ஒன்றுகூட கயிறு கட்டி வந்ததில்லை.

என் பட்டறை காலை ஏழு மணிக்குத் திறக்கும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஆளையும் வண்டியையும் அனுப்புங்கள். எஞ்சினின் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, சேஸிஸைத் தட்டி, ரேடியேட்டரைத் திறந்து அரை மணி நேரத்தில் பார்த்துத் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
ஒரு டீசல் மெக்கானிக்,
ஒட்டன்சத்திரம்