ஆண்டறிக்கை: பெட்டியில் இருந்த தொப்பிகளும் தலையில் இருந்த தொப்பிகளும்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பிளேனோ, இர்விங், ஃபிரிஸ்கோ என்று மூலைக்கொருவராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

டாலஸ் வட்டாரத்தில் பழைய வெஸ்டர்ன் ஃபெல்ட் தொப்பி (ரோமத்தை அழுத்திப் பின்னிச் செய்த கௌபாய் தொப்பி) சேர்ப்பதற்கென்றே தமிழர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறோம் என்றால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. நான் செயலாளர் ஆன செய்தியைச் சொன்னபோது அம்மா போனில் கேட்ட ஒரே கேள்வி, "ஏன்டா, முடி ரொம்பக் கொட்டிருச்சா?" என்பதுதான். சிவகாசியில் அச்சாகி வந்த கௌபாய் காமிக்ஸை ஒளித்துவைத்துப் படித்து அடி வாங்கிய தலைமுறை நாம். அதை இப்போது டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் கணக்கு வழக்கான விஷயங்களை முடித்துவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் உறுப்பினர்கள் 23 பேர். நான்கு பேர் வேலை மாறி வேறு மாநிலம் போனார்கள், ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. ஒன்று சாலையெல்லாம் பனிக்கட்டி உறைந்ததால் ரத்து, இன்னொன்று தீபாவளியன்று வந்து தொலைத்ததால் ரத்து. தேதி குறித்தவன் நான்தான். மன்னிக்கவும்.

இனி, எல்லோரும் காத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் சங்கத்துக்குச் சொந்தமான தொப்பிப் பெட்டிகளை எல்லோர் முன்னிலையிலும் திறந்தோம். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டாக அவற்றை யாரும் தொடவில்லை. பதினொரு தொப்பிகளில் மூன்றை அந்துப்பூச்சி தின்றிருந்தது. அதில் ஒன்று நம் பெருமையாக இருந்த சாம்பல் நிற 3எக்ஸ் பீவர் ஸ்டெட்சன் (எக்ஸ் என்பது தரக் குறி, பீவர் என்பது ரோமம் தரும் விலங்கு, ஸ்டெட்சன் என்பது கம்பெனிப் பெயர்). பிரிமின், அதாவது விளிம்பின், அடிப்பக்கம் சல்லடை. கிரவுனில், அதாவது உச்சிப் பகுதியில், விரல் நுழையும் ஓட்டை. பூச்சி என்று நாம் திட்டினாலும் பறக்கும் அந்து ஒன்றும் செய்வதில்லை, அதன் புழுதான் தின்னும். முயல் ரோமம், பீவர் ரோமம், கம்பளி எல்லாமே அதற்கு ஒன்றுதான். இருட்டும், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையும் கிடைத்துவிட்டால் அதற்குப் பந்தி விரித்த மாதிரி. நாம் அதைத்தான் செய்து கொடுத்திருந்தோம்.

பழியை யார் மேலும் போட இந்த அறிக்கையில் இடமில்லை. அந்துருண்டையைத் துணைத்தலைவர் வைத்திருப்பார் என்று நான் நினைத்தேன், நான் வைத்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

அன்றைய கூட்டத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கார்லந்து அண்ணாச்சி தினமும் மளிகைக் கடைக்கும் காலை நடைக்கும் போட்டுக்கொண்டு போகும் பழுப்பு ரெசிஸ்டால் கம்பெனித் தொப்பியை மேசையில் வைத்தார். அறுபது டாலருக்கு வாங்கிய தொப்பி. ரிப்பன் நைந்துபோய், உள்ளே நெற்றியில் படும் ஸ்வெட்பேண்ட் பட்டை கறுத்துப்போய் இருந்தது. ஆனால் ஃபெல்ட்டில் ஒரு பொட்டு ஓட்டை இல்லை. "போட்டுக்கிட்டே இருந்தா பூச்சிக்கு உட்கார நேரம் ஏது?" என்றார். இந்த ஒரு வாக்கியத்தின் மேல் இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். பழைய தொப்பி சரித்திரப் பொருள், அதைத் தலையில் வைத்து வியர்வை படவிடுவது குற்றம் என்று ஒரு கட்சி. போடாத தொப்பி தொப்பியே இல்லை என்று இன்னொரு கட்சி. செயலாளர் என்ற முறையில் நடுநிலையாக இருந்தேன். மனிதன் என்ற முறையில் அண்ணாச்சி பக்கம்.

கடைசியில் நிறைவேறிய தீர்மானம்: இங்கே டெக்சஸ்காரர்கள் சொல்லும் பழைய வழக்கப்படி செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே முதல் ஈஸ்டர் வரை ஃபெல்ட், மற்ற நாளில் ஸ்ட்ரா என்னும் வைக்கோல் தொப்பி. அந்த ஃபெல்ட் மாதங்களில் சங்கத் தொப்பி ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு உறுப்பினரின் தலையில் இருக்க வேண்டும். கோடையில் பிரஷ் அடித்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஒரு வாரமாவது ஃப்ரீசரில் வைத்து, அதன்பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும். ஃப்ரீசரில் துருவிய தேங்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே ஸ்டெட்சனுக்கு இடம் வாங்கிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. எதிர்த்து வாக்களித்த ஆறு பேரும் இன்று தொப்பியோடுதான் வந்திருக்கிறார்கள் என்பதைக் குறிப்பில் ஏற்றுகிறேன்.

மே மாதம் ஆவி பிடிக்கும் பட்டறை நடந்தது. சளிக்கு அல்ல, தொப்பிக்கு. ஃபெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கும் பசை ஆவி பட்டால் இளகும். அப்போது கையாலேயே மடிப்பை மாற்றலாம், ஆறியதும் அப்படியே நிற்கும். கெட்டில் போதவில்லை என்று பிளேனோ அக்கா இட்லிப் பானையைக் கொண்டுவந்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. உட்கார்ந்து போயிருந்த நான்கு தொப்பிகள் அன்று எழுந்து நின்றன. இந்த மடிப்பு விஷயத்தில் ஒன்று நினைவில் இருக்கட்டும். ஸ்டெட்சன் கம்பெனியைத் தொடங்கிய ஸ்டெட்சன் தன் முதல் மேற்கத்தியத் தொப்பியான 'பாஸ் ஆஃப் தி பிளெய்ன்ஸ்' வகையை மடிப்பே இல்லாமல்தான் விற்றார். உருண்டைக் கிரவுன், தட்டையான பிரிம். அதைக் கிள்ளி, அமுக்கி, ஆளுக்கொரு வடிவம் கொடுத்தது போட்டவர்களின் கை. ஆகவே பழைய தொப்பியின் மடிப்பில் தெரிவது யாரோ ஒரு மாடு மேய்ப்பவரின் பழக்கமாக இருக்கலாம். அழிக்கும் முன் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

பட்டறையில் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தோம், வராதவர்களுக்காக மறுபடி. ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதற்காக அந்தக் காலத்தில் தோலின் மேல் பாதரச நைட்ரேட் தடவுவார்கள். ரோம நுனி ஆரஞ்சு நிறமாக மாறும் என்பதால் அந்த வேலைக்குக் 'கேரட்டிங்' என்றே பெயர். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுக்கமும் மனக் கலக்கமும் வந்தன. தொப்பிக்குப் பேர்போன கனெக்டிகட் மாநில டான்பரியில் அந்த நோய்க்கு ஊர்ப் பெயரையே வைத்து 'டான்பரி ஷேக்ஸ்' என்றார்கள். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நின்றது 1941இல்தான். அதற்கு முந்தைய ஃபெல்ட்டில் இன்னும் பாதரசம் இருக்கக்கூடும். எனவே 1941க்கு முந்தையது என்று சந்தேகம் வந்தாலே இட்லிப் பானை கூடாது. கையுறை போட்டு எடுங்கள், தலையில் வைக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். "எல்லாத் தொப்பியையும் போடுவோம்" என்ற தீர்மானத்துக்கு இது ஒன்றுதான் விலக்கு. எதிர்க்கட்சிக்கு ஒரு வெற்றி.

வாங்கியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு சங்கப் பணத்தில் இரண்டு தொப்பிகள் வாங்கினோம். ஒன்று நல்லது. இன்னொன்றில் நமக்குக் குல்லா போட்டுவிட்டார்கள். தொப்பிச் சங்கத்துக்கே குல்லா! 1920களின் தொப்பி, ஒரே குடும்பத்தில் இருந்தது என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்பேண்டை மெல்லத் திருப்பிப் பார்த்தோம். உள்ளே தொழிற்சங்கச் சீட்டு ஒட்டியிருந்தது. 'ஹேட்டர்ஸ்' என்ற ஒரு தொழிற்சங்கப் பெயரோடு 'கேப் அண்ட் மில்லினரி' என்ற இன்னொன்றின் பெயரும் அதில் இருந்தது. அந்த இரண்டு தொழிற்சங்கங்களும் ஒன்றாகச் சேர்ந்ததே 1934இல். பிறக்காத சங்கத்தின் சீட்டு 1920களில் எப்படி ஒட்டும்? தொப்பி மோசமில்லை, சொன்ன கதைதான் மோசம். நாம் கதைக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டோம். இனி பணம் அனுப்பும் முன் ஸ்வெட்பேண்டின் உள்பக்கப் போட்டோ வந்தாக வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

எக்ஸ் பற்றியும் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எக்ஸ் கூடினால் பீவர் ரோமம் கூடும், தரம் கூடும் என்பது பொது நம்பிக்கை. ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் என்று எதுவும் கிடையாது. ஒருவரின் 6எக்ஸும் இன்னொருவரின் 6எக்ஸும் ஒன்றல்ல. அதைவிட, அந்தக்கால 3எக்ஸ் கைக்குள் வழுவழுவென்று நிற்கும், இன்றைக்கு அந்த எண்ணைச் சொன்னால் கடைக்காரர் அடித்தட்டு அலமாரியைக் காட்டுவார். ரூபாய் மதிப்பு இறங்கிய மாதிரி எக்ஸ் மதிப்பும் இறங்கிவிட்டது. எண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். 'டென் கேலன் ஹேட்' என்ற பெரிய கௌபாய் தொப்பியின் கதையும் இப்படித்தான். பத்து கேலன் என்றால் ஏறக்குறைய 38 லிட்டர். பொங்கல் விழாவில் அண்ணாச்சி அதில் அரிசியைக் கொட்டி அளந்தார், மூன்று லிட்டர்கூடப் பிடிக்கவில்லை. அளந்த அரிசியைப் பொங்கலில் சேர்க்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

அக்டோபரில் டெக்சஸ் மாநிலக் கண்காட்சியான ஸ்டேட் ஃபேர் போய் பிக் டெக்ஸ் பொம்மைக்குக் கீழே குழுப்படம் எடுத்தோம். 55 அடி உயரம், 2012இல் தீப்பிடித்து எரிந்து மறுபடி எழுந்தவர், தலையில் 95 கேலன் தொப்பி. அதில் நம் அரிசி மூட்டைகள் பல அடங்கும்.

ஃபோர்ட் வொர்த் பயணம்தான் இந்த ஆண்டின் நல்ல நாள். பழைய மாட்டுச் சந்தையான ஸ்டாக்யார்ட்ஸில் காலை 11:30க்கு நீளக் கொம்பு மாடுகள் தெருவில் நடந்து போவதைப் பார்த்தோம். ஊரில் தினமும் பார்த்ததுதானே என்று சிலர் ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் டவுன்டவுன். அங்கே பீட்டர்ஸ் பிரதர்ஸ் தொப்பிக் கடை 1911இல் கிரேக்கத்திலிருந்து வந்த சகோதரர்கள் தொடங்கியது. டெக்சஸ் தலையை அலங்கரித்தவர்களும் வந்தேறிகள்தான் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அங்கிருந்து பழைய ஹோட்டல் டெக்சஸ் வாசலுக்கு நடந்தோம். 1963 நவம்பர் 22 காலை அந்த ஹோட்டலில் நடந்த விருந்தில் கென்னடிக்கு ஒரு வெஸ்டர்ன் தொப்பியைப் பரிசளித்தார்கள். தொப்பி போடுவது அவருக்குப் பிடிக்காது என்பது தெரிந்த விஷயம். கூட்டமே போடச் சொல்லிக் கத்தியும் போடவில்லை. திங்கட்கிழமை வெள்ளை மாளிகையில் போட்டுக் காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று சிரித்துச் சமாளித்தார். அன்று வெள்ளிக்கிழமை. மதியம் டாலஸில் சுடப்பட்டார். இரண்டு நாள் கழித்து, அவரைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்ட் சுடப்பட்ட அந்த உலகப் புகழ் போட்டோவில், பக்கத்தில் அதிர்ந்து பின்வாங்கும் துப்பறியும் அதிகாரி ஜிம் லெவலின் தலையில் இருப்பது வெளிர் நிற வெஸ்டர்ன் தொப்பி. இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் அந்தப் போட்டோவில் தொப்பியை நான் பார்த்ததே இல்லை. வண்டியில் திரும்பி வரும்போது யாரும் அதிகம் பேசவில்லை.

திரும்பும் வழியில் கார்லந்து. 1927இல் டாலஸில் தொடங்கிய ரெசிஸ்டால் கம்பெனி 1938இல் இந்த ஊருக்கு வந்தது. பிலடெல்பியாவில் 1865இல் ஆரம்பித்த ஸ்டெட்சன் அந்தப் பெரிய ஆலையை 1971இல் மூடிய பிறகு, அந்தப் பெயர்த் தொப்பியும் சுற்றி வளைத்துக் கடைசியில் இங்கேயே வந்து சேர்ந்தது. இந்த ஆலையிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் வீடு வாங்கி, பன்னிரண்டு வருடம் நியூ ஜெர்சிக்காரரிடம் ஏலத்தில் தொப்பி வாங்கிக்கொண்டிருந்தவர் நம் அண்ணாச்சி.

என் சொந்தக் கதையையும் பதிவு செய்ய வேண்டும் என்று பொருளாளர் வற்புறுத்துகிறார். சரி. அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் விரும்பி அணிந்த ஓப்பன் ரோடு வகையில் எனக்கு ஒரு வெள்ளித்தூள் நிற ஸ்டெட்சன் இருந்தது. அளவு 7¼, அதாவது தலைச் சுற்று 58 சென்டிமீட்டர். ஆகஸ்டில் அதைக் கார் டாஷ்போர்டில் வைத்துவிட்டு கல்யாண வீட்டுக்குள் போனேன். ஃபெல்ட் மாதமும் இல்லை, புத்தியும் இல்லை. பந்தி முடிந்து வந்தால் தோல் ஸ்வெட்பேண்ட் சுருங்கி, தொப்பியை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது. இப்போது அது என் பத்து வயது மகளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. திருப்பித் தர மறுக்கிறாள்.

வரவு செலவு விவரம் தனித்தாளில் உங்கள் நாற்காலியில் இருக்கிறது. சுருக்கமாக: சந்தாவும் நன்கொடையுமாக 1,140 டாலர் வரவு, 972 டாலர் செலவு, கையிருப்பு 168. செலவில் 45 டாலர் அந்துருண்டைக்கும் பிளாஸ்டிக் பைக்கும். தாமதமான செலவு.

அடுத்த ஆண்டுக்கு ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் கௌபாய் அருங்காட்சியகத்துக்குப் பேருந்துப் பயணம் உத்தேசம். பெயர் கொடுத்தவர்கள் இதுவரை பதினொருவர், இன்னும் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வாடகை கட்டும். சல்லடையான அந்த 3எக்ஸ் பீவரைத் தூக்கிப்போடப் போவதில்லை. அடுத்த பட்டறையில் வெட்டி, ஃபெல்ட் எப்படிப் பின்னியிருக்கிறது என்று உள்ளே பார்ப்போம்.

கடைசியாக: போன மாதக் கூட்டத்தில் யாரோ 7⅛ அளவில் ஒரு கறுப்புத் தொப்பியை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். தொப்பியை எப்படி வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான், கிரவுன் கீழாகக் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் தீர்மானத்தின்படி தினமும் போட்டுக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்